வாடகைக்கு விட வீடு வாங்கலாமா? உள்ளூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் முறையாக வாடகை வருமானத்துக்காக வீடு வாங்க நினைப்பவர்களுக்காக எழுதியது. சென்னையிலேயே இருப்பவர்கள், துபாய், சிங்கப்பூர், நியூஜெர்சியில் இருந்துகொண்டு இங்கே வாங்க நினைப்பவர்கள், இங்கிருந்துகொண்டு வெளிநாட்டில் வாங்க ஆசைப்படுபவர்கள் என்று மூன்று தரப்புக்கும் பதில் இருக்கிறது. வரி விகிதங்கள் 2025-26 நிதியாண்டின்படி. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண், படிவ எண் எதையும் சொல்லவில்லை, ஆடிட்டரிடம் விஷயத்தைச் சொன்னாலே அவருக்குப் புரியும்.

வாடகைக்காக வீடு வாங்குவது உண்மையிலேயே லாபமா?

வாடகையை மட்டும் பார்த்தால், பெரும்பாலும் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 லட்சத்துக்கு ஒரு பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட், வாடகை மாதம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரச் செலவு 6 லட்சத்து 30 ஆயிரம், புரோக்கருக்கு ஒரு சதவீதம், பெயின்ட், குழாய், கிச்சன் அலமாரி என்று இன்னொரு லட்சம், ஆக உங்கள் கையிலிருந்து போவது 78 லட்சம். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் (கிடக்கும்) வருவது 2,20,000. அதில் சொத்து வரி, ரிப்பேர் எல்லாம் போக 2 லட்சம் நிற்கும். அதாவது இரண்டரை சதவீதம் சொச்சம். பேங்கில் டெபாசிட் போட்டால் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வட்டி வரும், நள்ளிரவில் மோட்டார் ஓடவில்லை என்று யாரும் போன் பண்ணவும் மாட்டார்கள்.

அப்புறம் எதற்கு வாங்குகிறார்கள்? விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான். அதோடு டெபாசிட் வட்டி ஏறாது, வாடகை ஏறும். இரண்டும் நியாயமான காரணங்கள். ஆனால் “வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு 50 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ 43,400 ரூபாய் அளவில் வரும். வாடகை அதில் பாதியைக்கூடத் தொடாது.

அப்படியானால் எந்த மாதிரி வீட்டில் கணக்கு கொஞ்சமாவது ஒத்துவரும்?

என் அபிப்பிராயத்தில் சின்ன, பழைய, அழகில்லாத வீடுகளில்தான். 35 லட்சத்துக்கு ஒரு பதினைந்து வருடப் பழைய ஃபிளாட், வாடகை 14,000 என்றால் அதே கணக்கில் மூன்றரை சதவீதம் நிற்கிறது. வீட்டு விலை இரண்டு மடங்கானால் வாடகை இரண்டு மடங்காவதில்லை, இதுதான் அடிப்படை. ஒன்றரை கோடி ஃபிளாட்டை 60,000 கொடுத்து எடுக்கக்கூடியவர் அந்தப் பணத்தில் சொந்தமாகவே கடன் வாங்கிப் போய்விடுவார். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் உங்கள் மெயின்டனன்ஸைத்தான் ஏற்றும்.

தனி வீடு, கீழே ஒரு போர்ஷன் மேலே இரண்டு போர்ஷன் என்று கட்டி விடுவது நம் ஊரில் காலங்காலமாக இருக்கும் வழி, ஒரு போர்ஷன் காலியானாலும் மற்ற இரண்டிலிருந்து பணம் வரும், நிலம் முழுக்க உங்களுடையது. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. காலி மனை வாடகை தராது, அதனால் அது இந்தப் பேச்சிலேயே வராது.

ஃபிளாட் வாங்கும்போது யூடிஎஸ் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்குப் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் 450 சதுர அடி கிடைக்கும் இடத்தில், இருபது மாடிக் கட்டடத்தில் அதில் பாதிதான் இருக்கலாம். கட்டடம் வருடா வருடம் தேயும். விலை ஏறுவதெல்லாம் அந்த நிலப் பங்குக்குத்தான்.

எந்த ஏரியாவில் வாங்கலாம்?

ஏரியா பெயரைச் சொன்னால் பிரயோஜனமில்லை, எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் நினைத்திருக்கும் தெருவிலும் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களிலும் நடந்து போங்கள். கேட்டில் தொங்கும் டு-லெட் போர்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் போன் போட்டு வாடகைக்கு வருபவர் மாதிரியே பேசுங்கள்: எவ்வளவு வாடகை, அட்வான்ஸ் எவ்வளவு, எப்போதிலிருந்து காலி, தண்ணீர் எப்படி. “இரண்டு மாசமா காலிதான் சார், நீங்க வாங்க, பேசிக்கலாம்” என்று பதில் வந்தால் அந்தத் தெருவின் வாடகை நிலவரம் உங்களுக்குப் புரிந்துவிட்டது. மாறாக, போர்டு மாட்டிய மறுநாளே ஆள் வந்துவிட்டார் என்றால் அதுவும் ஒரு செய்திதான். இணையதள விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகை, கேட்கும் வாடகை. கிடைக்கும் வாடகை வேறு.

சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி பக்கம் ஐடி வேலையை நம்பிய வாடகை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலையை நம்பியது, அங்கே பேச்சிலர்கள் நாலு பேர் சேர்ந்து எடுப்பார்கள். குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்று அடம் பிடிப்பவர்களுக்கு அந்த ஏரியா ஆகாது. நங்கநல்லூர் மாதிரி பழைய குடியிருப்புகளில் விலை அதிகம், ஆனால் வீடு காலியாக நிற்பது குறைவு. கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கமும் இதே ஐடி, கல்லூரி கதைதான்.

சென்னையில் இரண்டு விஷயத்தை விடாமல் விசாரியுங்கள். ஒன்று, 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது. புரோக்கரைக் கேட்காதீர்கள், தெருமுனை மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள், சுவரில் கறை இருந்த இடத்தையே காட்டுவார். இன்னொன்று, கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா, அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேருகிறதா. ஓஎம்ஆரில் பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன.

கையில் எவ்வளவு பணம் இருந்தால் ஆரம்பிக்கலாம்?

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் பேங்க் தர முடியும். இது உச்சவரம்பு, வாடகை வீட்டுக்கும் பழைய கட்டடத்துக்கும் பேங்க் இன்னும் குறைத்துத்தான் தரும். பத்திரச் செலவு முழுக்க உங்கள் கைப்பணம். தமிழ்நாட்டில் சாதாரணக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு. கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி தனி, நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. இதெல்லாம் போக ஆறு மாத இஎம்ஐ தனியாக இருக்க வேண்டும். அது இல்லாமல் இறங்க வேண்டாம்.

என்னென்ன பத்திரங்களைப் பார்க்க வேண்டும்?

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் பணம் போவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

தாய்ப்பத்திரத்தில், அதாவது பழைய மூலப் பத்திரத்தில் ஆரம்பித்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறாமல் வர வேண்டும். நடுவில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுச் சான்றில் இருக்கும் எல்லோரும் அடுத்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பெயர் பெயராகப் பாருங்கள். கல்யாணமாகிப் போன மகள் பெயர் விட்டுப்போயிருந்தால், அல்லது மைனர் பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், இருபது வருடம் கழித்துக்கூட வழக்கு வரும்.

வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான பரிமாற்றங்களின் பட்டியல்) விற்பவர் கொடுத்ததை வைத்துப் பார்க்காதீர்கள், பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே 30 வருடத்துக்குப் போட்டு எடுங்கள். சர்வே எண்ணில் உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். அதில் உரிமை ஆவண ஒப்படைப்பு என்று ஒரு வரி இருந்தால் வீட்டின் மேல் கடன் இருக்கிறது என்று அர்த்தம், அதற்கு இணையான ரசீது ஆவணம் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கடனைக் கட்டிவிட்டு ரசீதைப் பதியாமல் விட்டவர்கள் ஏராளம். அது பெரிய குற்றமில்லை, ஆனால் உங்கள் பேங்க் அதைச் சாக்காக வைத்து உங்கள் கடனை நிறுத்திவிடும். இன்னொன்று, பதியாத உயிலும் பதியாத கிரய ஒப்பந்தமும் வில்லங்கத்தில் தெரியவே தெரியாது. அதனால்தான் ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஜெராக்ஸ் காட்டி “ஒரிஜினல் லாக்கர்ல இருக்கு” என்றால் லாக்கர் திறக்கும் நாள் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பட்டா, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு மூன்றும் யார் பெயரில் என்று பாருங்கள். பிளான் அனுமதி சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் டிடிசிபி. அனுமதி மூன்று மாடிக்கு, நிற்பது நான்கு மாடி என்றால் நாலாவது மாடியைத்தான் உங்களிடம் விலை குறைத்துக் காட்டுவார்கள். புதிய திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணை ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் உள்ள திட்டம் பதிவு செய்தே ஆக வேண்டும்.

வக்கீல் கருத்துரையை நீங்கள் வைத்த வக்கீலிடம் வாங்குங்கள். பில்டர் காட்டும் வக்கீல் பில்டருடைய வக்கீல்.

விற்பவர் பாதிப் பணத்தை ரொக்கமாகக் கேட்கிறார். பத்திரத்தில் குறைத்துக் காட்டலாமா?

உள்ளூர்க்காரருக்கே சட்டவிரோதம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அதற்கு மேல் முட்டாள்தனம். பத்திரத்தில் 40 லட்சம் காட்டி 65 கொடுத்தால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 40 என்றுதான் கணக்கு. காணாமல் போன 25 லட்சத்துக்கும் சேர்த்து மூலதன ஆதாய வரி கட்டுவீர்கள். அந்த 25ஐ எந்தக் கணக்கிலிருந்து எப்படி எடுத்தீர்கள் என்பதற்கும் பதில் இருக்காது. இப்படிக் கேட்கும் வீட்டை விட்டுவிடுங்கள், வேறு வீடு கிடைக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர் யாரெல்லாம் இந்தியாவில் வாங்கலாம்?

இந்திய பாஸ்போர்ட்டோடு வெளியே இருக்கும் என்ஆர்ஐ, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர் இருவரும் ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி கேட்காமலேயே வீடு, ஃபிளாட், கடை, அலுவலகம் வாங்கலாம். எத்தனை வேண்டுமானாலும். இரண்டு வீட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. அந்த இரண்டு என்ற எண் விற்ற பணத்தை வெளியே கொண்டுபோவதற்கான வரம்பு. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஊரில் அரை ஏக்கர் நஞ்சை வாங்கி வைக்கலாம் என்ற கனவு இங்கே அடிபடும்.

இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் சொத்து வாங்க முடியாது. பாகிஸ்தான், பங்களாதேஷ், சீனா, நேபாளம் உட்படச் சில நாடுகளோடு இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதிகபட்சம் ஐந்து வருடக் குத்தகை எடுக்கலாம், அவ்வளவுதான். கனடா, பிரிட்டன் குடியுரிமை வாங்கிய ஈழத்தமிழரும் அங்கேயே வசித்துக்கொண்டு, ஓசிஐ இல்லாமல் இங்கே வாங்க முடியாது. கணவனோ மனைவியோ என்ஆர்ஐ அல்லது ஓசிஐ என்றால், கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தால், அவரோடு கூட்டாக ஒரு சொத்து வாங்க வழி உண்டு. இது தெரியாமல் சென்னையில் உறவினர் பெயரில் வாங்கிப் போட்டுவிட்டு, பிறகு அந்த உறவினரின் பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் உண்டு. அடுத்தவர் பெயரில் வாங்குவது பினாமிச் சட்டத்திலும் மாட்டும்.

பணத்தை எந்தக் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும்?

என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயில் வைப்பது), எஃப்சிஎன்ஆர் (வெளிநாட்டுக் கரன்சியிலேயே போடும் டெபாசிட்), என்ஆர்ஓ (இந்திய வருமானம் விழுவது) கணக்கிலிருந்தோ, வெளிநாட்டிலிருந்து நேரடியாக பேங்க் வழியாகவோ. வெளிநாட்டுக் கரன்சியாகக் கையில் கொடுக்கக் கூடாது. முடிந்தவரை முழுப் பணத்தையும் என்ஆர்இ வழியாகவே கொடுங்கள், ஒவ்வொரு பரிமாற்றத்தின் பேங்க் ஸ்டேட்மென்டையும் பத்திரத்தோடு ஒரே ஃபைலில் வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து விற்றுப் பணத்தைத் திருப்பி எடுக்கும்போது அந்த ஃபைல்தான் பேசும். என்ஆர்இயிலிருந்து போன தொகையை, இரண்டு குடியிருப்புச் சொத்து வரை, அதே அளவுக்கு நேராகத் திருப்பி எடுக்கலாம். மற்றதெல்லாம் என்ஆர்ஓவுக்குள் விழும். அங்கிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை, வரி கட்டிய ஆதாரமும் ஆடிட்டர் சான்றும் காட்டி அனுப்பலாம்.

இன்னொரு விஷயம், வெளிநாடு போன பிறகும் பழைய சாதா சேமிப்புக் கணக்கையே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் அதை என்ஆர்ஓவாக மாற்றுங்கள். பான் கார்டு கண்டிப்பாக வேண்டும்.

ஊருக்கு வர முடியாது. பவர் கொடுத்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் குறிப்பிட்ட ஒரு சொத்துக்கான தனிப் பவராகக் கொடுங்கள். “என் சொத்துகள் அனைத்தையும்” என்று ஆரம்பிக்கும் பொதுப் பவர் யாருக்கும் வேண்டாம், கூடப் பிறந்தவருக்கும் வேண்டாம். அங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தை உறுதி செய்து, அது இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். தபாலில் வந்த கவரைப் பீரோவில் போட்டுவிட்டு நாலாவது மாதம் எடுக்கும் வீடுகள் நிறைய.

நீங்கள் வாங்கும் சொத்தையே ஒருவர் பவர் வைத்து விற்கிறார் என்றால் இரட்டை எச்சரிக்கை. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்யவில்லையா என்று அவரோடு வீடியோவிலாவது பேசாமல் நகராதீர்கள். வெறும் பொதுப் பவரும் ஒப்பந்தமும் சொத்துரிமையை மாற்றாது என்று 2011ல் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது, கிரயப் பத்திரம் பதிந்தால்தான் வீடு உங்களுடையது.

நான் என்ஆர்ஐ. வாடகையில் குடியிருப்பவர் வரி பிடிப்பாராமே?

பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் உள்நாட்டில் இருந்தால், மாத வாடகை 50,000ஐத் தாண்டினால்தான் 2 சதவீதம் பிடிப்பது. வீட்டுக்காரர் என்ஆர்ஐ என்றால் வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்து 31.2 சதவீதம். 20,000 வாடகையில் 6,240ஐப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதி 13,760தான் உங்கள் என்ஆர்ஓவில் போட வேண்டும். அதற்கு அவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வாங்கி, மூன்று மாதத்துக்கொரு முறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சாதாரணக் குடும்பம் இதைக் கேட்டால் வேறு வீடு பார்த்துப் போய்விடும், அதனால்தான் பாதிப் பேர் கண்டுகொள்வதில்லை. ஆனால் மாட்டினால் பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழுகிறது, அது அவருக்குச் செய்யும் அநியாயம். முன்கூட்டியே சொல்லி, உங்கள் ஆடிட்டரை வைத்தே அவருக்கான தாக்கலைச் செய்து கொடுங்கள். அல்லது வருமான வரித் துறையிடம், குறைவாகப் பிடித்தால் போதும் என்ற குறைந்த விகிதச் சான்று வாங்கிக் கொடுங்கள்.

பிடித்த பணம் போய்விட்டதா? இல்லை. வருடம் 2,40,000 வாடகை, சொத்து வரி 6,000 போக 2,34,000, அதில் 30 சதவீதம் நிலையான கழிவு 70,200. வரிக்கு உட்படுவது 1,63,800தான், இங்கே வேறு வருமானம் இல்லையென்றால் புதிய முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. ரிட்டர்ன் போட்டால் பிடித்த 74,880ம் திரும்ப வரும். ஆனால் “12 லட்சம் வரை வரி இல்லை” என்று கேள்விப்படுகிறீர்களே, அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்கு 4 லட்சத்துக்கு மேல் போனால் வரி ஆரம்பித்துவிடும்.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்த வாடகையை அங்கேயும் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே கழிவு கிடைக்கும்.

வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

உறவினரிடம் விட்டால் காசு கேட்க மாட்டார், ஆனால் வேலையும் சொல்ல முடியாது. “சித்தப்பா, குழாய் ஒழுகுதாம், கொஞ்சம் போய்ப் பாருங்களேன்” என்று மூன்றாவது முறை சொல்லும்போது குரல் மாறும். சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அந்தத் தெருவிலேயே இருக்கும் நம்பகமான புரோக்கர், மாதம் ஒரு தொகை பேசிக்கொண்டு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வாடகை மட்டும் நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும், அவர் கை வழியாக வேண்டாம். வீடு கொடுக்கும்போது எல்லா அறையையும், மீட்டர் ரீடிங்கையும், ஃபேன் எண்ணிக்கையையும் வீடியோ எடுத்து குடிவருபவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

எத்தனை மாத அட்வான்ஸ் வாங்கலாம்? பதினோரு மாத ஒப்பந்தம் போதுமா?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் உச்சம். சென்னையின் பத்து மாத வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஒருவர் புகார் கொடுத்தால் உங்களுக்குப் பதில் இருக்காது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதைத் தவிர்க்கத்தான் பதினோரு மாதம் வந்தது. இந்தச் சட்டத்தின்படி பதினோரு மாதமானாலும் எழுத்து ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் இணையம் வழியாகப் பதிந்து எண் வாங்க வேண்டும். செலவு பெரிதில்லை, செய்துவிடுங்கள்.

லீசுக்கு விட்டால் என்ன? மொத்தமாகப் பணம் வருமே.

ஏழு எட்டு லட்சத்தை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் விடுவதைச் சொல்கிறீர்கள். அது வருமானம் இல்லை, கடன். மூன்று வருடம் கழித்து அதைத் திருப்பித் தர உங்களிடம் பணம் இருக்காது, அடுத்த லீஸ்காரரைத் தேடுவீர்கள், அதுவரை இவர் காலி செய்ய மாட்டார். கடன் இருக்கும் வீட்டை பேங்குக்குத் தெரியாமல் லீசுக்கு விடுவது இன்னும் மோசம்.

விற்கும்போது என்ன ஆகும்?

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், மேல்வரிகள் தனி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதற்கு விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் என்ற பழைய வழியைத் தேர்ந்தெடுக்கும் சலுகை இந்தியாவில் வசிப்பவர்களுக்கு உண்டு, என்ஆர்ஐக்கு இல்லை.

என்ஆர்ஐக்கு வேறொரு சிக்கல், வாங்குபவர் ஆதாயத்தில் அல்ல, முழு விலையிலும் வரி பிடித்துவிடுவார். 55 லட்சத்துக்கு வாங்கி 90க்கு விற்றால் உங்கள் வரி 35 லட்சத்தின் மேல், மேல்வரியோடு 13 சதவீதம், 4 லட்சத்து 55 ஆயிரம். ஆனால் அவர் பிடிப்பது 90 லட்சத்தின் மேல், மேல்வரி இன்னும் கூடி 14.3 சதவீதம், 12 லட்சத்து 87 ஆயிரம். மீதியைத் திரும்ப வாங்க அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். இதைத் தவிர்க்க, விலை பேசி முடித்ததும் பத்திரப் பதிவுக்கு முன்பே குறைந்த விகிதச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், சான்று வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஒப்பந்தத்தில் அதற்கு நாள் விட்டு எழுதுங்கள். உள்ளூரில் வாங்குபவர்களுக்கும் இது பாடம்: விற்பவர் உள்நாட்டுக்காரர் என்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள விலைக்கு நீங்கள் பிடிக்க வேண்டியது 1 சதவீதம். அவர் என்ஆர்ஐ என்று தெரியாமல் 1 சதவீதம் மட்டும் பிடித்தால் மீதி வரிக்கு வருமான வரித் துறை உங்களைத்தான் கேட்கும்.

இங்கிருந்து துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கலாமா?

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை பேங்க் வழியாக அனுப்பி வாங்கலாம், குடும்பத்தினர் தங்கள் வரம்பைச் சேர்த்துக்கொள்ளலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகையில் பேங்க் 20 சதவீதம் வரி வசூலித்துக்கொள்ளும். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அத்தனை மாதம் அந்தப் பணம் முடங்கும்.

துபாயில் வெளிநாட்டவருக்குத் திறந்த பகுதிகளில் முழு உரிமையோடு வாங்கலாம், நிலத்துறைக் கட்டணம் 4 சதவீதம், வருடாந்தர சர்வீஸ் சார்ஜைச் சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதுதான் வாடகையைத் தின்னும். அங்கே தனிநபர் வாடகைக்கு வருமான வரி இல்லை, ஆனால் நீங்கள் இந்தியாவில் வசிக்கும்வரை இங்கே வரி உண்டு. விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 60 சதவீதம், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அங்கே பிஆர் (நிரந்தர வசிப்பாளர்) ஆக இருப்பவருக்கு முதல் வீட்டுக்கு 5 சதவீதம், ஆனால் பிஆர் வாங்கிய எச்டிபி (அரசு கட்டிய அடுக்குமாடி) வீட்டை முழுதாக வாடகைக்கு விட முடியாது. மலேசியாவில் பெரும்பாலான மாநிலங்களில் வெளிநாட்டவர் 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைந்த வீட்டை வாங்க முடியாது, 2026 ஜனவரி முதல் குடியிருப்புக்கு முத்திரைத் தீர்வையும் 8 சதவீதம் ஆகிவிட்டது. கனடா வெளிநாட்டவருக்குத் தடை போட்டு 2027 ஜனவரி வரை நீட்டித்திருக்கிறது, ஆஸ்திரேலியா பழைய வீடுகளுக்கு 2027 மார்ச் வரை.

எங்கே வாங்கினாலும் இந்திய ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டுங்கள். காட்டாவிட்டால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம், வாடகை வந்ததா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய வீட்டை ஊர் திரும்பிய பின் வைத்திருக்கலாமா?

தாராளமாக. வெளியே வசித்த காலத்தில் சம்பாதித்து வாங்கியதை வைத்துக்கொள்ளலாம், வாடகைக்கும் விடலாம். இங்கே வரிக்குக் காட்ட வேண்டும்.

இலங்கையில் வாங்க நினைக்கும் புலம்பெயர்ந்தவர்களுக்கு?

2014ன் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணியை விற்க முடியாது. இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்டவரும் அந்தக் கணக்கில்தான் வருவார், இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்குத் தடை இல்லை. அடுக்குமாடி வீடுகளை, முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக முன்கூட்டியே கொண்டுவந்தால் வெளிநாட்டவரும் வாங்கலாம். யாழ்ப்பாணத்தில் காணியோடு வீடு என்று நினைப்பவர்கள் முதலில் இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்தைப் பாருங்கள், வீடு அப்புறம்.

பத்திரம் பதிந்தாச்சு. அடுத்து?

மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி மூன்றையும் பெயர் மாற்றுங்கள், பட்டாவுக்கு விண்ணப்பித்த ஒப்புகையை வைத்திருங்கள். அசோசியேஷனில் பழைய பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள், வாங்காவிட்டால் முந்தைய உரிமையாளரின் இரண்டு வருட மெயின்டனன்ஸ் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். சென்னையில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, வெளிநாட்டில் இருந்தே ஆன்லைனில் கட்டலாம். பூட்டை மாற்றுங்கள், பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. பெயின்ட் அடிக்கும் வாரத்திலேயே டு-லெட் போர்டையும் மாட்டிவிடுங்கள்.